மூன்றாவது பாட்டில்

ஆவடியிலோ அம்பத்தூரிலோ மாடியில் பைப் போட்டு லெட்யூஸும் வெள்ளரியும் வளர்க்கிற வீடுகளில் இரண்டு பாட்டில்கள் கட்டாயம் இருக்கும். ஒன்றில் ‘ஏ’ என்றும் இன்னொன்றில் ‘பி’ என்றும் மார்க்கரால் எழுதியிருப்பார்கள். ஏ-யில் கால்சியம் நைட்ரேட்டும் இரும்பும். பி-யில் பாஸ்பேட், சல்பேட், மக்னீசியம், நுண்ணூட்டங்கள். அடர்த்தியான நிலையில் இரண்டையும் கலந்தால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் உட்கார்ந்துவிடும், அதனால்தான் தனித்தனி. இந்த ஜோடிக்குப் பக்கத்தில் இப்போது மூன்றாவதாக ஒரு பாட்டிலும் வந்து சேர்கிறது. லேபிளில் சிலிக்கா என்றோ பொட்டாசியம் சிலிகேட் என்றோ போட்டிருக்கும்.

சிலிக்கா என்றால் மணல்தானே, அதைக் காசு கொடுத்து வாங்கிச் செடிக்கு ஊற்றுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. பூமியின் மேலோட்டில் ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது சிலிக்கான்தான். எடையில் கால் பங்குக்கும் மேல். கால் வைக்கிற இடமெல்லாம் கிடக்கிற ஒரு பொருள் எப்படிப் பாட்டிலுக்குள் போய் விலை போட்டுக்கொண்டது என்பதற்கு இருநூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை இருக்கிறது. அதன் முதல் அத்தியாயங்களில் ஒன்று நம் பக்கத்தில் நடந்தது.

நாட்டு மருந்துக் கடைகளில் மூங்கிலுப்பு என்று ஒன்று கிடைக்கும். முற்றிய மூங்கிலின் கணுக்களுக்கு உள்ளே உறைந்திருக்கும் வெண்மையான கட்டி. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றிலும் அதற்கு இடமுண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராக, அன்று கர்நாட்டிக் எனப்பட்ட பகுதியில் வேலை பார்த்தவர் பேட்ரிக் ரஸ்ஸல். இந்தியப் பாம்புகளைப் பற்றிய நூலுக்காகப் பலருக்கும் தெரிந்த அதே ரஸ்ஸல்தான். இந்த மூங்கிலுப்பைச் சேகரித்து, அதைப் பற்றி 1790இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். மறு வருஷமே, 1791இல், ஜேம்ஸ் மேசி என்ற இளம் வேதியியலாளர் அந்த மாதிரிகளைச் சுட்டும் அமிலத்தில் இட்டும் சோதித்து, இது சிக்கிமுக்கிக் கல்லில் இருக்கும் அதே மண்தான், அதாவது சிலிக்காதான் என்று அறிவித்தார். அந்த மேசிதான் பிற்பாடு ஜேம்ஸ் ஸ்மித்சன் என்று பெயர் மாற்றிக்கொண்டவர். வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவர் விட்டுச்சென்ற சொத்தில் எழுந்தது. உயிருள்ள ஒரு புல் கல்லை உருவாக்குகிறது என்ற செய்தி அந்தக் காலத்துக்குப் பெரிய வியப்பு. மூங்கில் புல் இனம். நெல்லும் கரும்பும் அதே இனம். கதிர் அறுத்துப் பழகிய கைகளில் தாளின் ஓரம் கிழித்த கோடுகள் இருக்குமே, அந்தக் கூர்மைக்கும் காரணம் சிலிக்காதான். காய்ந்த நெற்பயிரின் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைகூட அது இருக்கும்.

அதன் பிறகு இங்கிலாந்தில் ஹம்ஃப்ரி டேவி, புல்வகைகளின் மேல்தோலில் உள்ள சிலிக்கா தண்டைத் தாங்குகிறது, பூச்சியைத் தடுக்கிறது என்று 1813இல் வெளிவந்த தன் வேளாண் வேதியியல் நூலில் எழுதினார். ஜெர்மனியில் லீபிக் 1840 வாக்கில் சோடியம் சிலிகேட்டை உரமாகப் போடலாம் என்றார். இப்படியே போயிருந்தால் சிலிக்கா உரப் பட்டியலில் நிரந்தர இடம் பிடித்திருக்கும். அதைத் தடுத்தது ஒரு கண்ணாடி ஜாடி.

1860இல் ஜூலியஸ் சாக்ஸ் மண்ணே இல்லாமல், உப்புகளைக் கரைத்த தண்ணீரில் வேரை நிறுத்திச் செடி வளர்த்துக் காட்டினார். இன்றைய ஹைட்ரோபோனிக்ஸுக்கு நேர் முன்னோடி அதுதான். எந்தெந்தத் தனிமம் செடிக்கு வேண்டும் என்று அறிய அதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் போடு. செடி செத்தால் அது அவசியம், சாகாவிட்டால் அவசியமில்லை. சிலிக்காவை விட்டுவிட்டு மக்காச்சோளம் வளர்த்துப் பார்த்தார். செடி வளர்ந்தது. பட்டியலிலிருந்து சிலிக்கா வெளியேறியது.

எழுபது எண்பது வருஷம் கழித்து இதே தர்க்கம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் சட்டமாகவே ஆனது. தண்ணீரில் தக்காளி வளர்த்து, 1937இல் அந்த முறைக்கு ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயரைப் பரப்பிய வில்லியம் கெரிக்கி அங்கே இருந்தார். அதே பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் ஹோக்லண்டும் டேனியல் ஆர்னனும் 1938இல் ஒரு சுற்றறிக்கையில் கரைசல் தயாரிக்கும் அளவுகளை வெளியிட்டார்கள். உலகம் முழுக்க ஆய்வகங்களில் இன்றைக்கும் ‘ஹோக்லண்ட் கரைசல்’ என்றால் அதுதான். நம் மாடிகளில் இருக்கும் ஏ, பி பாட்டில்களும் அதன் வாரிசுகளே. 1939இல் ஆர்னனும் பெரி ஸ்டவுட்டும் ஓர் ஊட்டம் ‘அத்தியாவசியம்’ எனப்பட மூன்று நிபந்தனைகளை வகுத்தார்கள். முதலாவது: அது இல்லாமல் செடி தன் வாழ்க்கைச் சுற்றை முடிக்க முடியாமல் போக வேண்டும். குதிரைவால் என்ற பழங்காலச் செடியைத் தவிர்த்துப் பெரும்பாலான செடிகள் சிலிக்கா இல்லாமலும் முளைத்துப் பூத்துக் காய்த்துவிடுகின்றன. ஆகவே சிலிக்கா தோற்றது.

இதில் எனக்கு எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. அந்தச் சோதனை கேட்டது செடி பிழைக்கிறதா என்று மட்டும். ஆய்வுக்கூடத்தின் ஜாடியில் காற்று கிடையாது, குலை நோய் கிடையாது, செஞ்சிலந்தி கிடையாது, மே மாத வெயில் கிடையாது. பாதுகாப்பான அறைக்குள் வைத்துப் பார்த்துவிட்டு, எதிரிகளுக்கு நடுவே நிற்கிற பயிருக்கு இது தேவையில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். வயலில் இந்தக் குறை தெரியவில்லை. மண் தானாகவே கொடுத்துக்கொண்டிருந்தது. மண்ணீரில் சிலிசிக் அமிலம் சாதாரணமாக லிட்டருக்கு 6 முதல் 36 மில்லிகிராம் சிலிக்காவுக்குச் சமமாகக் கரைந்திருக்கும். பருத்திப்பட்டு ஏரியும் கொரட்டூர் ஏரியும் அம்பத்தூர் ஏரியும் நெல்லுக்குப் பாய்ந்த காலத்தில் மடை திறக்கும்போதெல்லாம் சிலிக்காவும் சேர்ந்தே வயலுக்குப் போனது. யாரும் அதைத் தனியாக அளந்து ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

மறுப்பு முதலில் நெல் நாட்டிலிருந்துதான் வந்தது. 1917இல் ஜப்பானில் ஓனோதெரா என்பவர் குலை நோய் தாக்கிய நெல்லிலும் ஆரோக்கியமான நெல்லிலும் இலைகளை ஒப்பிட்டு, நோய் பிடித்ததில் சிலிக்கா குறைவு என்று எழுதினார். அடுத்தடுத்து ஜப்பானியர் இந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனார்கள். 1955இல் இரும்பு உருக்காலைக் கசடிலிருந்து வரும் சிலிகேட்டை அரசே உரமாக அங்கீகரித்தது. ஆனால் இது நெல்லைப் பற்றிய ஞானமாகவே நின்றது. கண்ணாடிக் குடிலில் தக்காளியும் வெள்ளரியும் வளர்க்கிற ஐரோப்பியர்களுக்கு அதில் அக்கறை பிறக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது.

அதற்குள் இந்தியாவுக்கும் ஹைட்ரோபோனிக்ஸ் வந்துவிட்டிருந்தது. 1946இல் ஷோல்டோ டக்ளஸ் வங்காளத்தின் காலிம்போங் பகுதியில் பரிசோதனைப் பண்ணை தொடங்கி, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் மணலும் கல்பொடியும் நிரப்பிய தொட்டிகளில் வளர்க்கும் முறையை உருவாக்கினார். ‘வங்காள முறை’ என்றே அதற்குப் பெயர்.

நம் மாடிகளில் ஓடும் பைப்புகளின் பூர்வீகம் வேறு. இங்கிலாந்தின் தென் கரையில் லிட்டில்ஹாம்ப்டன் என்ற ஊரில் கண்ணாடிக் குடில் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே ஆலன் கூப்பர் 1960களில் உருவாக்கியதுதான் என்.எஃப்.டி. எனும் முறை: சரிவான குழாயில் கரைசல் மெல்லிய படலமாக ஓடி, தொட்டிக்குத் திரும்பி, மறுபடி ஏறும். திருமுல்லைவாயிலில் ஒரு மாடியில் வெள்ளை பைப்பின் துளைகளில் நெட் பாட் உட்கார்ந்திருக்கிறதே, அதுவேதான். மண்ணும் இல்லை, மணலும் இல்லை, கல்லும் இல்லை. வேர்கள் தொடுவது பிளாஸ்டிக்கையும் கரைசலையும் மட்டும். தண்ணீரைத் தவிர, சிலிக்கா வரக்கூடிய எல்லா வாசல்களும் அடைபட்ட முதல் பயிர்முறை இது எனலாம்.

எந்த நிலையத்தில் அந்த வாசல்கள் அடைபட்டனவோ அதே நிலையத்தில்தான் குறை வெளிப்பட்டது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1986இல் அங்கே அடாட்டியா, பெஸ்ஃபோர்டு என்ற இருவர், சுழலும் கரைசலில் வெள்ளரி வளர்த்து இரண்டு வரிசைகளை ஒப்பிட்டார்கள். ஒன்றில் தண்ணீரிலேயே இருந்த லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவு சிலிக்கா மட்டும். இன்னொன்றில் கூடுதலாக 100 மில்லிகிராம். சிலிக்கா கிடைத்த செடியின் இலைகள் சொரசொரப்பாக, விறைப்பாக, கிடைமட்டமாக நீண்டு வெயிலை வாங்கின. பச்சை ஆழமாக இருந்தது. கீழ் இலைகள் மஞ்சளாவது தள்ளிப்போனது. இரண்டு வரிசைக்கும் மருந்தும் ஒழுங்காக அடித்திருக்கிறார்கள். அப்படியும் சிலிக்கா குறைந்த செடிகளின் முதிர்ந்த இலைகளில் பெரும்பாலானவற்றைச் சாம்பல் நோய் பிடித்தது. மற்ற வரிசை ஏறக்குறைய முழுவதும் தப்பித்தது. வெள்ளரியும் பூசணியும் போட்டவர்களுக்கு அந்தச் சாம்பல் நோயைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. மார்கழிப் பனியில் இலை மேல் ஒரு வெள்ளைப் பொட்டு விழும். ஒரு வாரத்தில் கொடி முழுக்க மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. நெதர்லாந்தின் நால்ட்வைக் ஆராய்ச்சி நிலையம் பாறைப் பஞ்சில் வளரும் வெள்ளரிக்கும் ரோஜாவுக்கும் சிலிகேட்டைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பெலாஞ்சே குழு, வெள்ளரி வேரை அழுக வைக்கும் பித்தியம் எனும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரையும் சிலிக்கா தடுப்பதை 1990களில் காட்டியது. மூன்றாவது பாட்டில் பிறந்தது இந்த இடத்தில்தான்.

கொள்கை அளவில் கடைசி ஆணியை அடித்தவர் கலிஃபோர்னியாவின் டேவிஸில் இருந்த இமானுவல் எப்ஸ்டீன். ஸ்டவுட்டோடு சேர்ந்தே ஆய்வுக் கட்டுரை எழுதியவர், அந்த மரபிலேயே வளர்ந்தவர். 1994இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரை, சிலிக்கான் இல்லாத கரைசலில் வளரும் செடியை இயல்பான செடியாகக் கருதுவதே தவறு என்று வாதாடியது. இயற்கையில் எந்த வேரும் சிலிக்கான் இல்லாத நீரைக் குடித்ததில்லை. ஆய்வகம்தான் அப்படியொரு நீரை உண்டாக்கிவிட்டு அதை இயல்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது. 2006இல் ஜப்பானின் ஒகயாமாவில் ஜியான் ஃபெங் மா குழு, சிலிக்கானை நெல் வேருக்குள் ஏற்றும் தனி மரபணுவையே கண்டுபிடித்தது. அந்த மரபணு பழுதான நெல்லில் பூச்சித் தாக்குதல் கூடியது, விளைச்சல் வெகுவாகக் குறைந்தது. தேவையில்லாத ஒன்றுக்காக எந்தச் செடி தன் வேரில் வாசல் கட்டி வைத்திருக்கும்? நம் பக்கத்தில் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் நெல்லில் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது. வேளாண்மையில் சிலிக்கான் பற்றிய ஏழாவது சர்வதேச மாநாடு 2017 அக்டோபரில் பெங்களூரில்தான் நடந்தது. மண்ணில் கிடக்கும் சிலிகேட்டைக் கரைத்துத் தரும் நுண்ணுயிர் உரமும் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் உண்டு. அது மண் பயிருக்கானது. கரைசல் தொட்டிக்கு ஆகாது.

சரி, அம்பத்தூர் ஆவடிக்கு வருவோம். மண்ணை எடுத்தபோது ஒரு தடவை போன சிலிக்கா, இங்கே இரண்டாவது தடவையும் போகிறது. நம் போர்வெல் தண்ணீரில் பல தெருக்களில் உப்பு அதிகம். அந்தத் தண்ணீரில் ஏ, பி ஊற்றினால் இ.சி., அதாவது கரைசலின் உப்புச் செறிவைக் காட்டும் அளவு, எகிறிவிடும். ஆகவே ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்துத் தொட்டியை நிரப்புகிறார்கள். பாறையோடு பழகி வந்த நிலத்தடி நீரில் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம் சிலிக்கா கரைந்திருப்பது சாதாரணம். ஆர்.ஓ. சவ்வு உப்போடு சேர்த்து அதில் பெரும்பகுதியையும் கழிவு நீர்க் குழாய்க்குத் தள்ளிவிடுகிறது.

இது போனதை எந்த மீட்டரும் காட்டாது. நாம் நம்பியிருக்கும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் ஓடுவதைத்தான் அளக்கிறது. செடி குடிக்கும் வடிவத்தில் இருக்கும் சிலிசிக் அமிலத்துக்கு நம் கரைசலின் பி.எச்.-இல் மின்னூட்டம் கிடையாது. 40 மில்லிகிராம் இருந்தாலும் சுத்தமாக இல்லாவிட்டாலும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். ஆகவே வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதித்துப் பார்ப்பது என் முதல் யோசனை. வழக்கமான குடிநீர்ப் பரிசோதனையில் சிலிக்கா வராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். கொதிகலன் வைத்திருக்கும் தொழிற்சாலைகளுக்குச் சிலிக்கா பெரிய தலைவலி, குழாயில் படிந்து கல்லாகிவிடும். அவர்களுக்காக நீர் பரிசோதனைக் கூடங்கள் இந்தச் சோதனையை அன்றாடம் செய்கின்றன. தொழிற்பேட்டை பக்கத்தில் இருப்பது நமக்கு வசதி. போர்வெல் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்துகிறவருக்கு 30, 40 மில்லிகிராம் ஏற்கெனவே இருந்தால் பாட்டில் தேவைப்படாது.

ஊற்றுகிற முறையில்தான் பெரும்பாலோர் சிக்குகிறார்கள். பொட்டாசியம் சிலிகேட் கடுமையான காரம், பி.எச். 11க்கு மேல். அதை ஏ-யோடு நேராகச் சேர்த்தால் கண் முன்னாலேயே வெள்ளைப் புகை கிளம்பி, துகள் துகளாகி, பம்ப் ஃபில்டரில் அடைத்துக்கொள்ளும். சிலிக்காவும் போச்சு, கால்சியமும் போச்சு. அடர்ந்த சிலிகேட்டில் அமிலத்தை விட்டால் அப்படியே கூழாக இறுகிவிடும். அதனால் வெறும் தண்ணீரில் முதலில் சிலிக்கா. நிறையத் தண்ணீரில், கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. ஆர்.ஓ. தண்ணீருக்குப் பி.எச். மாற்றத்தைத் தாங்கும் சக்தி கிடையாது, சில மில்லி விழுந்ததும் பி.எச். ஒன்பதைத் தாண்டும். பாஸ்பாரிக் அல்லது நைட்ரிக் அமிலக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஆறு பக்கம் இறக்க வேண்டும். பிறகு ஏ, நன்றாகக் கலக்கிய பிறகு பி, கடைசியாக மறுபடி ஒருமுறை பி.எச். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிள்ளைகள் எட்டாத உயரத்தில் பாட்டில் இருக்க வேண்டும்.

அளவு கொஞ்சம்தான். டச்சுக்காரர்கள் வெள்ளரிக்குச் சொல்வது லிட்டருக்கு 45 மில்லிகிராம் சிலிக்கா. 120 மில்லிகிராமை நெருங்கினால் சிலிசிக் அமிலம் தனக்குள் கோர்த்துக்கொண்டு படியத் தொடங்கும். லேபிளில் ஒரு கம்பெனி சிலிக்கான் என்று தனிமக் கணக்கு போடும், இன்னொன்று சிலிக்கா என்று ஆக்சைடு கணக்கு போடும்; 28 மில்லிகிராம் சிலிக்கான்தான் 60 மில்லிகிராம் சிலிக்கா. இதைக் கவனிக்காமல் ஊற்றினால் இரட்டிப்பாகப் போய்விடும். கூடவே வரும் பொட்டாசியத்தையும் மொத்தக் கணக்கில் கழிக்க வேண்டும். இலையில் ஒருமுறை படிந்த சிலிக்கா அங்கேயே கண்ணாடியாகிவிடுகிறது. பழைய இலையிலிருந்து தளிருக்கு நகராது. ஒரு தடவை நிறைய ஊற்றிவிட்டு மறந்துவிட்டால் புது இலைகள் பட்டினி. தொட்டி நிரப்பும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் என்பதே சரி.

எல்லாச் செடிக்கும் இது தேவையா என்றால், இல்லை என்பேன். வெள்ளரி, சுரைக்காய், பூசணி வகைகள் ஆவலோடு ஏற்றுக்கொள்ளும். தக்காளி மிகக் குறைவாகத்தான் ஏற்றும். இருபத்தைந்து நாளில் அறுத்துவிடுகிற கீரைக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. கெடுதலும் உண்டு. ஜப்பானில் வெள்ளரிக்காய் மேல் சிலிக்காவால் உண்டாகும் வெண்பூச்சு சந்தையில் எடுபடாமல் போக, சிலிக்காவை அதிகம் உறிஞ்சாத தனிப் பூசணி ரகங்களின் வேரில் ஒட்டுக் கட்டிப் பளபளப்பான காய் எடுக்கிறார்கள். அலங்காரச் சூரியகாந்தியில் அளவு கூடினால் பூ கோணலாகிறது. சர்வரோக நிவாரணி என்று விற்கிறவரிடம் எந்தப் பயிருக்கு, எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

என் ஆசை ஒன்று இருக்கிறது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் கொஞ்ச தூரத்தில் செங்குன்றம். அங்கே வரிசையாக அரிசி ஆலைகள், ஆலைக்கு ஆலை உமி. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு சிலிக்கா. நம் பாட்டிமார்கள் பல் விளக்கியதும் பாத்திரம் தேய்த்ததும் அந்தச் சாம்பலில்தான். சாம்பலை அப்படியே கரைசல் தொட்டியில் போட்டால் பயனில்லை, கரையாது, பி.எச்.-ஐ மட்டும் குழப்பும். ஆனால் 700 டிகிரியைத் தாண்டாமல் எரித்த சாம்பலைக் காரத்தில் காய்ச்சினால் சிலிகேட் கிடைக்கும். சூடான காரத்தோடு விளையாடும் அந்த வேலை வீட்டில் செய்யக் கூடாதது, பட்டறையில் தேர்ந்தவர்கள் செய்ய வேண்டியது. அதற்கு வேண்டிய தொட்டியும் கொதிகலனும் கைத்தேர்ச்சியும் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இல்லாததா? செங்குன்றத்து உமியில் அம்பத்தூரில் காய்ச்சிய சிலிகேட் ஆவடி மாடிக்கு வந்து சேர யாராவது முயன்றால் நன்றாக இருக்கும்.

அதுவரை மாடித் தோட்டக்காரர்கள் இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: கருக்கிய உமி. ஜப்பானில் குந்தான் என்று சொல்லிக் கரைசல் பயிருக்கு ஊடகமாகவே பயன்படுத்துகிறார்கள். காற்றுப் படாமல் மூட்டம் போட்டுக் கருக்கி, தண்ணீரில் நன்றாகக் கழுவிக் காரத்தைப் போக்கி, தேங்காய் நார்க் கழிவோடு கலந்து வெள்ளரித் தொட்டியில் நிரப்பலாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சிலிக்கா கசியும், வேருக்குக் காற்றும் கிடைக்கும். கழுவிய நீரின் பி.எச். ஏழுக்குப் பக்கத்தில் வந்த பிறகே செடி வைக்க வேண்டும்.